டிவிக்குக் கீழே வைக்கும் பிசி: கேபினெட் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

ஹாலில் டிவிக்குக் கீழே வைத்த பிசி தொல்லை கொடுத்தால், ப்ராசஸரையோ விண்டோஸையோதான் முதலில் சந்தேகப்படுகிறோம். பெரும்பாலும் காரணம் கேபினெட்டில், அதாவது பிசியின் வெளிப்பெட்டியில் இருக்கும். இல்லையென்றால் அந்தக் கேபினெட்டை அடைத்து வைத்திருக்கும் டிவி யூனிட்டில் இருக்கும். கீழே சொல்லும் பல அறிகுறிகள், கேபினெட் வாங்கும்போது பார்க்காமல் விட்ட ஏதாவது ஓர் அளவில் போய் முடியும். உடனே கேபினெட்டை மாற்ற வேண்டாம். பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் செலவில்லாமலே சரியாகிவிடும்.

கையில் வேண்டியவை: அளவு டேப், டார்ச், ஸ்க்ரூ டிரைவர், சுருட்டி ஒட்டிய ஒரு காகிதக் குழாய், வெப்பநிலை காட்டும் மென்பொருள் (விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸில் சென்சார்ஸ்). அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிவ்யூக்களில் வரும் எண்கள் பெரும்பாலும் 22 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத ஹால் 35 டிகிரியைத் தொடும். ரிவ்யூவில் 70 டிகிரி காட்டிய அதே கேபினெட், அதே கூலர் உங்கள் வீட்டில் 80 காட்டினால் அதில் வியப்பில்லை.

படம் ஓடத் தொடங்கி இருபது நிமிடத்தில் ஃபேன் இரைகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். காரணங்கள் நான்கு. கீழே உள்ள வரிசையிலேயே சோதியுங்கள், வரிசையை மாற்றினால் தேவையில்லாமல் கூலரைக் கழற்ற நேரும்.

முதலில், படம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 4கே படத்தைக் கிராஃபிக்ஸ் பகுதி டீகோடு செய்தால் (சுருக்கிய வீடியோவை விரித்தால்) சிபியு 10, 15 சதவீதத்தைத் தாண்டாது. 60, 70 என்று நின்றால் சிபியுவே முழு வேலையையும் இழுக்கிறது. பிளேயர் அமைப்பில் ஹார்டுவேர் டீகோடிங் அணைந்திருக்கலாம், அல்லது அந்த வடிவத்தை உங்கள் சிப் அறியாமல் இருக்கலாம். இன்டெலில் 10-பிட் எச்ஈவிசி வீடியோ வடிவம் முழுமையாக வந்தது 7ஆம் தலைமுறையில், ஏவி1 வடிவம் வந்தது 11ஆம் தலைமுறையில். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 கார்டில் ஏவி1 டீகோடர் இல்லை, அதே வரிசையின் பெரிய கார்டுகளில் இருக்கிறது. இந்தக் கோளாறுக்குக் கேபினெட் பொறுப்பல்ல, எவ்வளவு விலை கொடுத்து மாற்றினாலும் தீராது.

சிபியு சும்மா இருந்தும் இரைந்தால், டிவி யூனிட்டின் கதவைத் திறந்துவைத்து அதே படத்தை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். 5 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கினால் யூனிட்டுக்குள் சூடு தேங்குகிறது. கேபினெட் தான் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஒரு கணக்கு இங்கே உதவும். 60 வாட் சூட்டை மணிக்கு 17 கன மீட்டர் காற்று வெளியேற்றினால் அந்தக் காற்று சுமார் 10 டிகிரி சூடாகும். காற்று பாதியானால் 20 டிகிரி. தடையில்லாத இடத்தில் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும் ஒரு 120 மி.மீ. ஃபேனே அந்த 17 கன மீட்டரைத் தாராளமாகத் தள்ளும். ஆகவே குறை ஃபேனில் இல்லை, காற்று வந்து போக வழி இல்லாததில் இருக்கிறது.

யூனிட்டின் பின்பலகையில் இரண்டு துளைகள் போடச் சொல்லுங்கள். ஒன்று கீழே, காற்று நுழைய. மற்றது எதிர்ப்பக்கம் மேலே, சூடு வெளியேற. ஒவ்வொன்றும் 120 மி.மீ. விட்டம், அதாவது சுமார் 113 சதுர செ.மீ. ஒயர் நுழைப்பதற்காகத் தச்சர் போட்டுத் தந்த 50 மி.மீ. துளையில் இதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் ஒயர் அடைத்துக்கொள்ளும். யூனிட்டைச் சுவரிலிருந்து 5 முதல் 8 செ.மீ. தள்ளி வையுங்கள். பின்னால் சுவர் ஒட்டியிருந்தால் துளை போட்டும் பயனில்லை. ஆம்ப்ளிஃபையர் மேலோ செட்டாப் பாக்ஸ் மேலோ பிசியை ஏற்றி வைக்கவே வேண்டாம்.

கதவைத் திறந்தும் மாற்றமில்லையா? கேபினெட்டின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 8, 10 டிகிரி இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று நுழைய இடம் போதவில்லை. சிபியுவுக்கு நேர் மேலே மூடியில் துளை வரிசை இருக்கிறதா பாருங்கள். இருந்தும் கூலர் ஃபேனுக்கும் மூடிக்கும் 20, 30 மி.மீ. இடைவெளி இருந்தால், ஃபேன் வெளிக்காற்றை விட்டுவிட்டு உள்ளே சுற்றும் சூட்டையே இழுக்கும். அந்த இடைவெளி அளவுக்கு ஸ்பாஞ்சை வளையமாக வெட்டி, ஃபேன் விளிம்பிலிருந்து மூடி வரை ஒரு குழல்போல நிறுத்துங்கள். பத்து ரூபாய் ஸ்பாஞ்சுதான், சில டிகிரி இறங்கும். மூடியில் துளையே இல்லாத கேபினெட் என்றால் இந்த வித்தை பலிக்காது. பக்கவாட்டில் ஃபேன் வைக்க இடமிருந்தால் சிபியுவுக்கு அருகில் இருக்கும் பக்கத்தில் ஒன்றை உள்ளிழுக்கும்படி மாட்டுங்கள்.

மூடியைக் கழற்றியும் ஒன்றும் மாறவில்லையென்றால் மட்டும் கூலரைத் தொடுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், நான்கு பின்னில் ஒன்று சரியாக இறங்காமல் இருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால் சிபியு எடுக்கும் மின்சாரத்தைப் பாருங்கள். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும் கோர் ஐ5-12400, டர்போவில் 117 வாட் வரை எடுக்கலாம். 65 வாட் ரைசன் ஏஎம்4 சாக்கெட்டில் 88 வாட் வரை போகும். பயாஸில் (பிசி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) இன்டெலுக்கு பிஎல்1, பிஎல்2 என்ற மின்சார வரம்புகள் இரண்டையும் 45 முதல் 65 வாட்டுக்குள் வையுங்கள், ரைசனுக்கு ஈகோ மோடில் 45 வாட் தேர்ந்தெடுங்கள். படம் பார்ப்பதில் இதனால் ஒரு குறையும் தெரியாது. தாழ்வான கேபினெட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

சூடு இல்லை, ஆனால் சத்தம் நிற்கவில்லை

காகிதக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கேபினெட்டைச் சுற்றி நகர்த்துங்கள். எங்கே கூடுகிறதோ அங்கேதான் கோளாறு. ஃபேனை விரலால் நிறுத்திப் பார்க்க வேண்டாம். இறக்கை உடையும், விரலும் கிழியும்.

ஏறி ஏறி இறங்கும் இரைச்சல் என்றால் பயாஸின் ஃபேன் வளைவு (எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கோடு) கூர்மையாக இருக்கிறது. சிபியு ஒரு நொடி 65ஐத் தொட்டதும் ஃபேன் பாய்கிறது, அடுத்த நொடி தணிகிறது. மாறிக்கொண்டே இருக்கும் சத்தம்தான் காதை உறுத்தும், சீரான மெல்லிய சத்தம் பழகிப்போகும். 60 டிகிரி வரை ஒரே வேகம், அதற்குப் பிறகு மெதுவாக ஏறும்படி வளைவை வரையுங்கள். மாறும் நேரத்தை 5 நொடிக்கு மேல் வையுங்கள். ஒரே ஃபேனின் சுற்றைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும். அதனால்தான் சிறிய ஃபேன் ஒன்றை வேகமாக ஓட்டுவதைவிடப் பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டுவது எப்போதும் நல்லது.

மெல்லிய கீச்சுச் சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தால் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் வகைக்கு உயரம் 40.5 மி.மீ. மட்டுமே, உள்ளே 40 மி.மீ. ஃபேன்தான் நுழையும். அதை அமைதியாக்க வழியில்லை. டிஎஃப்எக்ஸ் வகையில் 80 மி.மீ. ஃபேன், நடுத்தரம். எஸ்எஃப்எக்ஸ் 125 அகலம், 63.5 உயரம், 100 நீளம். இதில் நல்லவை குறைந்த சுமையில் ஃபேனை நிறுத்தியே வைக்கும். 130 மி.மீ. நீளமுள்ள எஸ்எஃப்எக்ஸ்-எல்லில் 120 மி.மீ. ஃபேனே வரும். கேபினெட்டுக்குள் எந்த வகை எஸ்எம்பிஎஸ் நுழையும் என்பது வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சத்தம் வேண்டாம் என்பவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்து ஃபேனை மட்டும் மாற்றும் யோசனையையும் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் ஆபத்தான மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

அடிக்குரலில் ஒரே ரீங்காரமா? மூடியின் நடுவில் உள்ளங்கையை அழுத்துங்கள். சத்தம் நின்றால் ஹார்டு டிஸ்க்கின் அதிர்வில் தகடு பாடுகிறது. 7200 சுற்று டிஸ்க் நொடிக்கு 120 முறை அதிரும், 5400 சுற்று 90 முறை. டிஸ்க்கையும் கூட்டையும் பிரிக்கும் ரப்பர் வளையங்களை மாட்டி, திருகை இறுக்காமல் நிறுத்துங்கள். மூடியின் உட்புறம் காருக்கு ஒட்டும் அதிர்வு தாங்கும் ஷீட்டில் ஒரு துண்டை ஒட்டுங்கள், காற்றுத் துளைகளை மறைக்காமல். நீண்ட காலத்துக்கு, ஹாலில் இருக்கும் பிசியில் எஸ்எஸ்டி மட்டும் போதும். படக் களஞ்சியம் வேறு அறையில் நெட்வொர்க் வழியே இருக்கட்டும்.

கூலர் மாட்டினால் மூடி மூடவில்லை

கேபினெட்டின் விவரத்தில் "கூலர் உயரம்" என்று ஓர் எண் இருக்கும். அது சிபியுவின் மேற்பரப்பிலிருந்து மூடி வரை. கூலர் பெட்டியில் போட்டிருக்கும் உயரமும் அங்கிருந்தே அளந்தது. இரண்டும் சமமாக இருந்தால் மூடி மூடும், ஆனால் ஃபேனுக்குக் காற்று கிடைக்காது. துளையுள்ள மூடியென்றால் 5 மி.மீ. மிச்சம் வேண்டும், மூடிய தகடு என்றால் 20 மி.மீ.

சில அளவுகள் மனத்தில் இருந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். நாக்டுவா என்எச்-எல்9ஐ 37 மி.மீ. ரைசனுடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் 54. என்எச்-எல்12எஸ் 70. 92 மி.மீ. ஃபேன் வைத்த என்எச்-யூ9எஸ் 125. 120 மி.மீ. ஃபேன் டவர் கூலர்கள் 155 முதல் 160 வரை போகும், அவை படுக்கைவாட்டு கேபினெட் எதிலும் நுழையாது என்றே வைத்துக்கொள்ளலாம். டிவிடி டிரைவ் கூடு சிபியுவுக்கு மேலே வரும் கேபினெட்டுகளில் விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும், டிரைவ் மாட்டினால் ஒன்று, கழற்றினால் ஒன்று. பெரிய எண்ணை மட்டும் விளம்பரத்தில் போடுவார்கள்.

கூலர் சரியாக இருந்தும் இடித்தால் ராமைப் பாருங்கள். சாதாரண ராம் 31, 32 மி.மீ. உயரம். மேலே கொம்பு வைத்த அலங்கார ராம் 44ஐத் தாண்டும், தாழ்வான கூலரின் விளிம்பில் முட்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு பொருந்தவில்லை, அல்லது பொருத்தினால் படம் வரவில்லை

கார்டின் பின் தகடு 120 மி.மீ. என்றால் முழு உயரம், 79.2 மி.மீ. என்றால் லோ புரொஃபைல். தாழ்வான கேபினெட் பலவற்றில் பின்னதுதான் நுழையும். கார்டுடன் குட்டைத் தகடு தனியாக வந்திருக்கும், பெட்டியைத் தூக்கிப் போடும் முன் தேடுங்கள். தகட்டை மாற்றினாலும் கார்டின் பலகையே உயரமாக இருந்தால் நுழையாது.

முழு உயரக் கார்டைப் படுக்க வைக்கும் கேபினெட்டுகளில் நடுவே ஒரு ரைசர் (ஸ்லாட்டைப் பக்கவாட்டில் திருப்பும் பலகை) இருக்கும். பழைய ரைசர்கள் பிசிஐஇ 3.0 வேகத்துக்குச் செய்தவை. அதில் 4.0 கார்டை மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கலாம், அல்லது படம் வந்து வந்து போகலாம். கார்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் டிவியை மாட்டி பயாஸுக்குள் சென்று அந்த ஸ்லாட்டை "ஜென் 3" என்று நிலைநிறுத்துங்கள். ஆட்டோவில் விடாதீர்கள். வேகத்தில் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது.

ரிமோட்டுக்கு அசையவில்லை

ஃபோனின் முன்கேமராவை ரிமோட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா நிறப் புள்ளி மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. அடுத்து, கேபினெட்டில் ஐஆர் ரிசீவர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோம் தியேட்டர் கேபினெட் என்று விற்பவற்றில்கூடப் பலவற்றில் இல்லை. யுஎஸ்பியில் செருகும் ரிசீவரை நீட்டிப்பு ஒயரோடு டிவிக்கு அடியில் ஒட்டிவிடலாம். மரக்கதவு ஐஆர் கதிரை மறைக்கும், கண்ணாடி பெரும்பாலும் விடும்.

ஓடும்போது வேலை செய்கிறது, அணைத்த பிறகு எழுப்பத்தான் முடியவில்லை என்றால் மின்சாரம் யுஎஸ்பிக்கு வரவில்லை. பிசியை அணைத்துவிட்டு அதே துளையில் சிவப்பு விளக்குள்ள மவுஸைச் செருகுங்கள். விளக்கு எரியாவிட்டால் பயாஸில் "ஈஆர்பி" என்ற அமைப்பை அணையுங்கள். எரிந்தும் எழவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த ரிசீவருக்குக் கணினியை எழுப்பும் அனுமதியைக் கொடுங்கள், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். டிவி ரிமோட்டிலேயே பிசியை ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பிசி கிராஃபிக்ஸ் கார்டுகள் பொதுவாக எச்டிஎம்ஐ சிஇசியை (ரிமோட் கட்டளையை எச்டிஎம்ஐ ஒயர் வழியே கடத்தும் வசதியை) ஆதரிப்பதில்லை. அதற்குத் தனி அடாப்டர் தேவை.

வைஃபை திணறுகிறது, வயர்லெஸ் கீபோர்டு எழுத்தை விழுங்குகிறது

உலோகக் கேபினெட்டின் பின்னால், சுவருக்கும் டிவிக்கும் நடுவில் ஆன்டெனா மாட்டிக்கொண்டிருக்கிறது. காந்த அடி உள்ள ஒயர் ஆன்டெனாவை வாங்கி யூனிட்டின் மேல் வையுங்கள். முடிந்தால் லேன் ஒயரே இழுத்துவிடுங்கள், 4கே படத்துக்கு அதற்கு ஈடு இல்லை. கீபோர்டின் குட்டி ரிசீவர் யுஎஸ்பி 3.0 துளையில் இருந்தால் அதை மாற்றுங்கள். யுஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. பக்கத்தில் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். 2.0 துளையில், அரை மீட்டர் நீட்டிப்பு ஒயரோடு முன்பக்கம் கொண்டுவந்தால் தீரும்.

தொட்டால் சுர்ரென்கிறது, ஸ்பீக்கரில் உறுமல்

இரண்டுக்கும் எர்த்தையே சோதிக்க வேண்டும், ஆனால் கோளாறு வேறு வேறு.

கேபினெட் உலோகத்தைத் தொட்டால் விரல் கூசினால், நீங்கள் செருகியிருக்கும் பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் உலோக உடலுக்கு இணைந்திருப்பவை. எர்த் அறுந்தால் உடலில் 230இல் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் நிற்கும். மிகக் குறைந்த மின்னோட்டம்தான், ஆனால் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகும் நொடியில் டிவியின் போர்ட்டைப் பதம் பார்க்கப் போதும். பெயின்ட் அடித்த இரும்பில் இது தெரியாமல் ஒளிந்திருக்கும், அலுமினியக் கேபினெட்டில் உடனே தெரியும். ஆகவே கேபினெட்டைக் குறை சொல்ல வேண்டாம். எலக்ட்ரீசியனை அழைத்து மல்டிமீட்டரில் ஃபேஸ்-எர்த் நடுவே 230 வோல்ட் வருகிறதா, நியூட்ரல்-எர்த் நடுவே ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டூ-பின் மாற்றியைப் போட்டு ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள்.

ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால் டிவியிலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால், தெருக் கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வளையமாகச் சேர்ந்திருக்கின்றன. கேபிள் ஒயரில் ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சிறு இணைப்பி) போடலாம். டிஷ் ஒயரில் போடக் கூடாது. டிஷ்ஷின் தலைக்குப் போகும் மின்சாரமும் அதே ஒயரில்தான் செல்கிறது, ஐசொலேட்டர் அதை மறித்துவிடும். அங்கே பிசியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆப்டிகல் ஒயர் போடுங்கள். ஒளியில் எர்த் வளையம் கிடையாது. பிசியின் எர்த் பின்னை வெட்டி உறுமலை நிறுத்துவது உயிரோடு விளையாடும் வேலை.

மூன்று மாதத்தில் தூசி மண்டுகிறது

வெளியே தள்ளும் ஃபேன் அதிகமாகவும் உள்ளிழுப்பது குறைவாகவும் இருந்தால், கேபினெட் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் தூசியை உறிஞ்சும். ஃபில்டர் உள்ள பக்கத்தில் உள்ளிழுக்கும் ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வையுங்கள். ஃபில்டரைக் கழுவக் கேபினெட்டையே யூனிட்டிலிருந்து இழுக்க வேண்டியிருந்தால் யாரும் கழுவ மாட்டார்கள். முன்புறமோ பக்கத்திலோ உருவ முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

மாற்றியே தீர வேண்டும் என்றால்

யூனிட்டின் உள் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். ஆழத்தில் பின்பக்க பிளக்குகளுக்கு 60 முதல் 80 மி.மீ. கழியுங்கள். உயரத்தில் குறைந்தது 50 மி.மீ. கழியுங்கள்.

மிச்சம் 170 மி.மீ. உயரம் கிடைத்தால் சில்வர்ஸ்டோன் ஜிடி09 போன்றது சிறந்தது: 440 அகலம், 358 ஆழம், 138 மி.மீ. வரை கூலர், சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ். என்எச்-யூ9எஸ் வைத்தால் இருக்கிற இடமே தெரியாது. 90 மி.மீ. அளவுதான் என்றால் ஃப்ராக்டல் நோட் 202 வகை: 82 மி.மீ. தடிமன், 56 மி.மீ. கூலர், எஸ்எஃப்எக்ஸ், மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய மதர்போர்டு, ரைசர் வழியே முழு உயரக் கார்டு. இதில் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கு இடமில்லை.

ஃபேனே வேண்டாமென்றால் ஸ்ட்ரீகாம் எஃப்சி8 போல உடலே ஹீட்சிங்க்காக இருப்பவை. 65 வாட் வரை தாங்கும் என்று விற்கிறார்கள். அது திறந்த இடத்துக்கான கணக்கு. 35 டிகிரி ஹாலில் 35 வாட் சிப் வைத்து, கதவில்லாத தட்டில், மேலே எதையும் வைக்காமல் விடுங்கள். மூடிய யூனிட்டுக்குள் இதை வைத்தால் வெளியே தள்ள ஃபேனும் இல்லாமல் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்து வேகும். அங்கே மெதுவாக ஓடும் ஒரு 120 மி.மீ. ஃபேன் உள்ள கேபினெட்டே மேல்.